வாக்குமூலமும் கேட்கும் செவியும்

வாக்குமூலம் என்பது நமது நீதிமன்றத் தமிழில் வழங்கும் சொற்களுள் பொருட்செறிவு மிக்க ஒன்று. ஒருவர் வாய்ச்சொல்லையே மூலமாகக் கொண்டு சட்டம் தன் வேலையைத் தொடங்குகிறது. ஆனால் வாக்கு என்பது சொல்லுகிறவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. கேட்கிறவரும் சேர்ந்தே அதனை ஆக்குகிறார். செவி கோணலாயிருந்தால் நேரான சொல்லும் கோணலாகவே ஏட்டில் ஏறும். எல்லா முறைப்பாடுகளுக்கும் இவ்வுண்மை பொருந்துமாயினும், பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்ணொருத்தியின் முறைப்பாட்டுக்குப் பொருந்துமாப்போல வேறெதற்கும் பொருந்தாது. களவு போன மாட்டுக்குச் சூட்டுக்குறி உண்டு. உடைந்த கதவுக்கு அதன் தாழ்ப்பாளே சாட்சி. இங்கோ பல வேளைகளில் அவள் சொல்லே முதலும் முடிவுமான சாட்சியாக நிற்கிறது.

இத்தகைய கொடுமை எங்கேனும் நிகழ்ந்து செய்தியானவுடன் நம்மவர் கேட்பது தூக்குத் தண்டனை. இலங்கையில் 1976ஆம் ஆண்டின் பின் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை என்பதை அறிந்தவர்களும் அதையே கேட்கிறார்கள். பதாகை ஏந்திச் செல்லும் மாணாக்கரின் கோபத்தில் குறைகாண எனக்கு விருப்பமில்லை. ஆயினும் தண்டனை என்பது நெடுவழியின் கடைசிப் படி. முதற்படி பொலிஸ் நிலையத்து மேசை. அந்த மேசையண்டை என்ன நடக்கிறது என்று கேட்பாரை நான் மிக அருகியே கண்டிருக்கிறேன். வழக்குகளிற் பல அங்கேயே மடிந்துபோகின்றன. மடிந்த வழக்குக்குத் தூக்குமில்லை, அபராதமுமில்லை.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நம் பிள்ளைகள் பரீட்சைக்காகப் படிக்கின்றனர். அதனை ஒரு முறைப்பாட்டின் கதையாகவும் படித்துப் பார்க்கலாம். விரித்த கூந்தலும் கையிற் சிலம்புமாக வந்த பெண்ணைக் கண்டு வாயிற்காவலன் வெருண்டான். கொற்றவையோ காளியோ என்று மன்னனிடம் ஓடிச் சொன்னான். மன்னன், அவள் முதலிற் கூந்தலை முடித்துக்கொண்டு வரட்டும் என்றானில்லை. துணைக்கு ஓர் ஆடவனை அழைத்து வரட்டும் என்றானில்லை. உள்ளே விடுக என்றான். அவள் பேச்சு பணிவான பேச்சன்று. அரியணையில் இருந்தவன் அதனைக் கேட்டான். முன்னர் விசாரியாது அவன் செய்த பிழையை ஆயிரத்தைந்நூறு ஆண்டாக நாம் மறக்கவில்லை. பின்னர் அவன் கேட்ட விதத்தைப் பற்றி எந்த வினாத்தாளிலும் ஒரு வினா வந்து நான் கண்டதில்லை.

நிற்க. நம் காலத்து வாயில் எவ்வாறிருக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் அடையாள அட்டை தொலைந்தமை குறித்து முறையிட ஒரு நிலையத்துக்குச் சென்றிருந்தேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். வாங்கில் என்னோடு ஐந்தாறு பேர் இருந்தனர். எதிரே, மறைப்பு ஏதுமில்லாத மேசையொன்றில், ஒரு தாயும் பதினேழு பதினெட்டு வயது மதிக்கத்தக்க மகளும். உத்தியோகத்தர் கொடியவரல்லர், குரலில் அதட்டலும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகள் யாவும் ‘ஏன்’ என்றே தொடங்கின. ஏன் அந்த வழியாற் போனாய்? ஏன் சத்தம் போடவில்லை? இரண்டு நாள் கழித்து ஏன் வந்தாய்? வாங்கில் இருந்த அறுவரும் பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பெண் மேசையின் மூலையை நகத்தாற் சுரண்டியபடி இருந்தாள். சற்றைக்கெல்லாம் பேச்சு நின்றுவிட்டது. தாய் எழுந்து, நாளைக்கு வருகிறோம் என்றாள். அவர்கள் மறுநாள் வந்திருப்பார்கள் என்று அங்கிருந்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த மூன்று கேள்விகளையும் சற்று ஆராய வேண்டும். ஏனெனில் அவை தீய எண்ணத்தாற் பிறந்தவையல்ல, அறியாமையாற் பிறந்தவை. பேரச்சத்தில் மனித மனமும் உடலும் எவ்வாறு இயங்கும் என்பது பற்றிப் பொலிஸ் திணைக்களம் மட்டுமன்று, நம் ஊராரும் கொண்டுள்ள எண்ணம் தவறானது. உண்மை சொல்லுகிறவர் ஒழுங்காகச் சொல்வார், அழுவார், உடனே வருவார், எதிர்த்துப் போராடியிருப்பார் என்று எண்ணுகிறோம்.

இந்தக் கரையோரத்தில் வாழ்கிற நாம் அவ்வாறு எண்ணுவது வியப்பிற்குரியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் நம் மீது ஏறி வந்தது. இலங்கையில் அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டவர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் பிழைத்தவர்கள் சொன்ன கதைகளை நாம் வாரக்கணக்காகக் கேட்டோம். அவர்கள் எவ்வாறு சொன்னார்கள்? பிள்ளையின் கை நழுவியதை முதலிலும் காலைத் தேநீர் ஊற்றியதை இறுதியிலும் சொன்னார்கள். அலை இரண்டா மூன்றா என்று தெரியாதவர்கள், அடித்துச் செல்லப்பட்ட சட்டியின் நிறத்தை நினைவில் வைத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகளை இழந்த ஒரு தாய், யாருக்கோ நடந்ததைப்போல, கண்ணில் ஒரு துளியின்றிச் சொன்னதை நானே கேட்டேன். அலையைக் கண்டும் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்றவர்கள் எத்தனை பேர்! ஏன் ஓடவில்லை என்று அவர்களை எவரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. நேற்றொன்றும் இன்றொன்றும் சொல்லுகிறாய், ஆகவே கடல் வரவேயில்லை என்று எவரும் சொன்னதில்லை. கடலுக்கு அளித்த இந்தச் சலுகையை வல்லுறவுக்கு ஆளான பெண்ணுக்கு அளிக்க மறுக்கிறோம்.

ஆராய்ச்சியாளர் இதனைப் பல்லாண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்திருக்கின்றனர். 1974ஆம் ஆண்டில் ஆன் பேர்ஜஸ், லின்டா ஹோம்ஸ்றம் என்னும் இருவர், அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியசாலைக்கு வந்த பெண்களை அவதானித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அழுது நடுங்கியவர் ஒரு சாரார். உணர்ச்சியை அடக்கி அமைதியாக அமர்ந்திருந்தவர் மற்றொரு சாரார். அமைதியாக இருந்தமையினால் அவருக்கு ஒன்றும் நிகழவில்லை எனக் கொள்வது பிழை என்பது அதன் பயன்களுள் ஒன்று. 2017இல் சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் நகரில், வல்லுறவின் பின் அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் செய்த ஆய்வில், நூற்றுக்கு எழுபதின்மர் தாக்குதலின்போது உடல் அசையாது உறைந்துபோனதைக் கூறினர். கத்த வாய் வரவில்லை, கை எழவில்லை என்றனர். பாம்பின் முன் தவளைக்கு நேர்வதாக நம் கிராமத்தார் அறிந்த அதே நிலைதான். மனவடு என்று நமது மனநல மருத்துவர்கள் தமிழில் வழங்கும் சொல் போர்க்காலத்து மக்களுக்கென்றே வகுக்கப்பட்டதன்று. ஓர் இரவில் ஒரு வீட்டில் ஒருத்திக்கு நேர்வதும் அதுவே.

எதிர்க்கவில்லை, ஆகவே இசைந்தாள் என்ற பழைய நியாயம் பாரதத்தின் உச்ச நீதிமன்றம் வரை ஏறிய கதை சட்ட மாணாக்கர் அறிந்ததே. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே இரு பொலிசாரால் கெடுக்கப்பட்டாள். மதுரா வழக்கு என்று பெயர். உடம்பிற் காயமில்லை என்பதைப் பெரிதாகக் கொண்டு 1978இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்சி முதலான நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். ஆசிரியர்கள் என்பதைக் கவனிக்க. அக்கடிதம் மூட்டிய கிளர்ச்சியின் பயனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. நமது நாட்டில் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இசைவின்மையை நிறுவ இன்றியமையாதன அல்ல. ஏட்டில் இவ்வாறிருக்க, மேசையில் இன்னும் ‘ஏன் சத்தம் போடவில்லை?’

அந்தத் திருத்தம் குறையற்றதென்று நான் சொல்ல வரவில்லை. பதினாறு வயதுக்குட்பட்டவள் இசைந்தாலும் அது வல்லுறவே என்று சொன்ன அதே பிரிவு, அவள் பன்னிரண்டைக் கடந்த மனைவியாயின் விலக்கு என்றும் சொல்லி வைத்தது. நாட்டின் பொதுச் சட்டத்திற் திருமண வயது பதினெட்டு. ஆகவே இவ்விலக்கு யாருடைய வீட்டுச் சிறுமியைத் தொடுகிறது என்பதைக் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் விளக்க வேண்டியதில்லை. அது தனியே எழுத வேண்டிய விஷயம். நம் சமூகத்தின் பெண்களே அதனை எழுதியும் வருகிறார்கள்.

அப்படியாயின் எவ்வாறு கேட்பது? இதற்கென்று வகுத்த முறை உண்டு. அமெரிக்க உளவியலாளர் பிஷரும் கைசல்மனும் 1980களில் சாட்சிகளை விசாரிக்கும் ஒரு முறையைச் செப்பஞ்செய்தனர். அதன் சாரம் எளியது: குறுக்கிடாதே, நினைவு வருகிற வரிசையிற் சொல்ல விடு, கண்டதை மட்டுமன்றி மணத்தையும் ஒலியையும் கேள், ‘ஏன்’ என்பதற்குப் பதிலாக ‘என்ன நினைவிருக்கிறது’ என்று கேள். இன்று பல நாடுகளிற் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள், முதல் நாள் அவசரமானவற்றை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள்: ஆள் யார், இடம் எது, உடை எங்கே, வைத்தியரிடம் போக வேண்டுமா. விரிவான வாக்குமூலத்தை ஓரிரு இரவு அவள் உறங்கி எழுந்த பின்னரே பதிகிறார்கள். நடுங்குகிறவளிடம் நடுநிசியில் ஆறு பக்கம் எழுதி வாங்குவது கடமையுணர்ச்சி போலத் தோன்றும். பின்னர் அந்த ஆறு பக்கத்தின் முரண்பாடுகளே எதிரி தரப்புச் சட்டத்தரணியின் கையில் ஆயுதமாகும். நமது 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி பொலிசுக்கு அளித்த கூற்றைக் கொண்டு சாட்சியை முரண்படுத்தலாம். இன்று அவசரமாக எழுதிய ஒரு வரி, பல ஆண்டு கழித்து மேல் நீதிமன்றத்தில் அவளைப் பொய்யளாக்கிவிடும். கனிவு என்பது இங்கே தருமமன்று, நல்ல புலனாய்வு. இதனை விளங்காதவரே ‘பொலிசு என்ன தாதிமாரா?’ என்று கேலி பேசுகின்றனர்.

இனி மொழி. நம் பகுதிக்கே உரிய துன்பம் இது. தமிழில் அவள் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, அவளுக்கு விளங்காத ஏட்டில் அவளே கையெழுத்திடுவது வடக்கு, கிழக்கில் நெடுங்கால வழக்கம். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். எந்த மொழியில் வாசித்துக் காட்டினார்கள் என்று யார் கேட்பது? 1988ஆம் ஆண்டு வந்த அரசியலமைப்பின் பதினாறாந் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாகவும் பொதுப் பதிவேடுகளின் மொழியாகவும் வைத்திருக்கிறது. அதற்குமேல் ஒரு சலுகையும் நாம் கேட்க வேண்டியதில்லை. ‘கெடுத்துப்போட்டான்’ என்பதற்கும் ‘தொட்டான்’ என்பதற்கும் ‘சேட்டை விட்டான்’ என்பதற்கும் இடையே சட்டத்தில் ஏழாண்டு, இருபதாண்டு வேறுபாடு உண்டு. வெட்கத்தால் ஒருத்தி சுற்றி வளைத்துச் சொல்லும் சொல்லை, மட்டக்களப்புத் தமிழின் நெளிவறியாத ஒருவர், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழிக் கேட்டு எழுதினால் எது எஞ்சும்? அந்த மொழிபெயர்ப்பாளரும் சில வேளை அங்கே தற்செயலாக நின்ற ஆடவராயிருப்பார். பெண்களும் சிறுவர்களும் முறையிடுவதற்கென நிலையங்களிற் தனிப்பிரிவு உண்டு. பிரிவு இருப்பது வேறு. அதில் எந்நேரமும் தமிழ் எழுதத் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பது வேறு.

பொலிசாரை அணுகுவதற்கே நம் பெண்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சவளக்கடையிலிருந்து தொலைவில்லாத மத்திய முகாம் பதினோராம் கொலனியில், 1997ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், ஒரு குடும்பப் பெண் தன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பொலிசார். வல்லுறவின் தடயமே எஞ்சாதவாறு அவர் உடல் கைக்குண்டாற் சிதைக்கப்பட்டது என்பது ஊராரின் குற்றச்சாட்டு. உலக மனித உரிமை அமைப்புகளும் அதனைப் பதிவு செய்தன. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கவிஞர் கலா அதனைக் கவிதையாக்கினார். ஈழத்து இலக்கியம் படிப்பவர் அக்கவிதை எழுப்பிய சர்ச்சையை அறிவர். என் கவனம் சர்ச்சையிலன்று. வயற்கரையில் வாழும் ஒரு கிழவி தன் பேர்த்தியிடம் ‘அங்கே போகாதே’ என்று சொல்லும்போது அவள் நினைவில் இருப்பது என்ன என்பதைப் புதிதாக இடமாற்றம் பெற்று வரும் ஒரு பொறுப்பதிகாரி அறிந்திருக்க வேண்டும். நம்பிக்கை தானாக வந்து வாயிலில் நிற்கும் என்று இங்கே எவரும் எதிர்பார்க்க இயலாது.

புங்குடுதீவு மாணவியின் வழக்கைப் பலர் பொலிசின் வெற்றியாகக் கூறுகின்றனர். 2015 மே 13இல் அவர் காணாமற் போனார். 2017 செப்டெம்பர் 27இல் மூவரடங்கிய விசேட நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. நம் நாட்டின் வேகத்துக்கு இது மின்னல். ஆனால் நடுவில் நிகழ்ந்ததை மறக்கலாகாது. சந்தேக நபர் ஒருவரைத் தப்பவிட்ட குற்றத்துக்காக மூத்த பொலிஸ் உயரதிகாரி ஒருவருக்கே 2025இல் நான்காண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. வடக்கு முழுதும் கடையடைத்து வீதிக்கு வந்திராவிட்டால் இவ்வேகம் வந்திருக்குமா? கடையடைப்பு வராத வழக்குகளின் பெண்கள் என்ன செய்வார்கள்?

தமிழகத்திலிருந்தும் நமக்குப் பாடம் உண்டு, இரு வகையிலும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரம் 1985இலேயே அத்தகைய நிலையம் கண்டிருந்தது. பெண்ணைப் பெண் கேட்டால் மட்டும் போதும் என்ற எண்ணம் முற்றும் பலிக்கவில்லை. பயிற்சியில்லாத பெண்ணும் ‘ஏன் போனாய்’ என்றே கேட்பாள். குடும்பத்தைச் சேர்த்து வைப்பதே தன் கடமை என்றும் எண்ணுவாள். 2019இல் பொள்ளாச்சி வழக்கில், முறையிட்ட பெண்ணின் பெயரைப் பொலிஸ் அதிகாரியே செய்தியாளர் முன் வெளியிட்டுவிட்டார். உயர் நீதிமன்றம் இருபத்தைந்து இலட்சம் ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. ஐந்தாண்டு கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கையே இணையத்திற் கசிந்தது. மீண்டும் இருபத்தைந்து இலட்சம். பெயரைக் காப்பது அவ்வளவு கடினமா என்று வியக்கத் தோன்றுகிறது. எனினும் அதே பொள்ளாச்சி வழக்கில், பெண்கள் இரகசிய அமர்விற் சாட்சியம் அளித்தார்கள், ஒருவரும் பின்வாங்கவில்லை. 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் ஆயுட் தண்டனை கிடைத்தது. பாதுகாப்பு உண்டென்று உணர்ந்தவள் நீதிமன்றத்திலும் உறுதியாக நிற்பாள்.

நமது நாட்டிலும் முறையிட்ட பெண்ணை அடையாளங்காட்டி அச்சிடுவது தண்டனைக்குரிய குற்றம். குற்றச்செயலுக்கு ஆளானோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுக்கப்பட்டது. மதிப்புடன் நடத்தப்படும் உரிமை, அந்தரங்கத்தின் காப்பு, வேறோரிடத்திலிருந்து ஒளிவழிச் சாட்சியம் அளிக்கும் வசதி யாவும் அதில் உண்டு. கல்முனைப் பத்திரிகை நிருபர்கள் சிலர் இன்றும் ‘இன்ன கிராமத்தில், இன்ன பாடசாலையில், இன்ன வகுப்பில் பயிலும் மாணவி’ என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மறைக்கின்றனர். நாவிதன்வெளியில் இதனைப் படித்துவிட்டு ஆள் யாரென்று அறியாதவர் எவர்?

இனி எதிர்வாதம் ஒன்று. பொய் முறைப்பாடு வராதா, நிரபராதி சிறை புகானா என்பர். வரலாம். நான் கேட்பது நம்பிவிடு என்பதன்று. நன்றாகக் கேள் என்பது. குறுக்கிடாது கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி, தடயத்தை உரிய நேரத்தில் எடுத்தால் நிரபராதியும் அதனாற் காக்கப்படுவான். அதட்டிக் கேட்பவன் பொய்யைக் கண்டுபிடிப்பதில்லை, மௌனத்தைத்தான் உண்டாக்குகிறான். அமெரிக்காவின் டிற்றொயிற் நகரில் 2009இல் பொலிஸ் களஞ்சியம் ஒன்றில், வல்லுறவுத் தடயப் பெட்டிகள் பதினோராயிரத்துக்கு மேல் சோதிக்கப்படாமற் கிடந்தது வெளிவந்தது. ‘இவள் பொய் சொல்லுகிறாள்’ என்ற முன்முடிவும் சோதனைக்குப் பணம் ஒதுக்காமையும் சேர்ந்து செய்த வேலை அது. சோதித்தபோது ஒரே ஆள் பல பெண்களிடம் புரிந்த குற்றங்கள் வரிசையாக வெளிப்பட்டன. முதற் பெண்ணை நம்ப மறுத்தவர்கள் பின்வந்தவர்களையும் காவு கொடுத்தார்கள் என்றே கூற வேண்டும்.

இதற்கு மாறாகப் பிலடெல்பியா நகரம் செய்தது எனக்கு மிகவும் உகந்தது. முறைப்பாடுகள் பல ஒழுங்காக விசாரிக்கப்படாது ஒதுக்கப்பட்டதை 1999இல் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு, அந்நகரத்துப் பெண்கள் அமைப்புகள் ஆண்டுதோறும் பொலிஸ் கோப்புகளைப் பார்வையிட்டுக் குறை சொல்லலாம் என்று பொலிஸ் ஆணையாளரே இசைந்தார். இங்கிலாந்திலும் அதற்கு முன் ஒரு வெளிச்சம் பட்டது. 1982இல் பி.பி.சி. தொலைக்காட்சி, றெடிங் நகர நிலையமொன்றில் ஒரு பெண்ணைப் பொலிசார் வறுத்தெடுப்பதை அப்படியே ஒளிபரப்பியது. நாடு கொதித்தது, நடைமுறை மாறத் தொடங்கியது. வெளியார் கண் படாத அறையில் எந்தத் திணைக்களமும் தானாகத் திருந்தியதாக எனக்கு நினைவில்லை.

பொலிசை மட்டும் குற்றஞ்சாட்டி ஒதுங்கிக்கொள்வதும் முறையன்று. முதற் செவி பெரும்பாலும் பொலிசாரின் செவியன்று. தாய், தோழி, வகுப்பாசிரியை, சில வேளை பள்ளிவாயில் நிருவாகம், கோயில் தருமகர்த்தா. அங்கே நடப்பது பெரும்பாலும் சமரசம். கெடுத்தவனுக்கே கட்டிவைத்துக் காரியத்தை முடித்துவிட்டோம் என்று நிறைவடைந்த பெரியோர்களை நான் அறிவேன். அவர்கள் நல்லவர்கள் என்பதையும் அறிவேன்.

இலக்கியம் படிப்போர் இங்கே ஜெயகாந்தனை நினைவர். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், கெட்டு வந்த மகள் மீது தாய் குடங்குடமாக நீரூற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே அதனைப் பற்றி வாதாடியது. அதே பெண்ணின் கதையைப் பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக்கியபோது, தாய் அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். மகளின் வாழ்வு வேறு திசையிற் போகிறது. கேட்டவள் ஒருத்தியே, கேட்ட விதம் இரண்டு. ஒரு பெண்ணின் பின்வாழ்வு முழுதும் முதற் செவியைப் பொறுத்தது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய ஆய்வேட்டை நான் கண்டிலேன். இன்றைய ஆசிரியை ஒருவர் அந்த முதல் தாயைப்போல மனம் இளகட்டும். ஆனால் நீரூற்ற வேண்டாம். குளியாமல், உடுத்த உடையைத் துவையாமல், துணியைப் பொலித்தீன் உறையிலன்றிக் கடதாசிப் பையில் வைத்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் பிள்ளையைக் கொண்டுசெல்லட்டும். பொலித்தீனில் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். பரிசோதனைக்கு அவளது சம்மதம் வேண்டும். வேண்டாமென்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. கொண்டுபோனவரும் அதனை மதிக்கவேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இவையெல்லாம் பொருந்தும். அவர்கள் வாய் திறப்பது இன்னும் அரிது. சிறுவர்க்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்களை ஆசிரியர் அறையின் சுவரில் ஒட்டிவைப்பதற்கு எந்தச் சுற்றுநிருபத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கல்முனைப் பக்கத்து இரு பெரிய வைத்தியசாலைகளும் நமக்குக் கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் உள்ளன. மாரி பிறந்தால் வயல்வெளி நீர் அத்தாம்போதி மேற் பாயும்; சில நாட்கள் போக்குவரத்தே நின்றுவிடும். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, ஆண்களின் நடுவே நின்று, நீரைக் கடந்து செல்வோரை ஆண்டுதோறும் காண்கிறோம். உடலிலிருந்து தடயம் எடுப்பதற்கு மருத்துவர் பொதுவாகக் கூறும் காலம் எழுபத்திரண்டு மணித்தியாலம். கார்த்திகை மாதத்து இரவொன்றில் சவளக்கடையிலோ அன்னமலையிலோ ஒரு பிள்ளைக்கு இது நேர்ந்தால், அவளை எந்த வாகனத்தில், யார் துணையுடன், எந்த வழியாற் கொண்டுசெல்வது? அவளிடம் தமிழிற் கேட்டுத் தமிழில் எழுதும் பெண் உத்தியோகத்தர் அந்த இரவில் எங்கே இருப்பார்? பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் கூடும் சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களில் வடிகால் பற்றியும் கட்டாக்காலி மாடுகள் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறேன். மழைக்கு முன் வரும் கூட்டத்தில் இவ்விரு கேள்விகளையும் எழுத்தில் கொடுக்க எண்ணியிருக்கிறேன். என்னுடன் கையொப்பமிட இரண்டு ஆசிரியைமார் இசைந்துள்ளார்கள்.